உழாமல் விதைத்த பயறு

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி போகிற சாலையில் பைக் ஓட்டுவது தனி வித்தை. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் நாம். போன ஆனி மாசக் கடைசியில் அந்தச் சாலையில் 14 கிலோ தக்கைப்பூண்டு விதையைப் பெட்ரோல் டேங்க் மேல் கட்டிக்கொண்டு போனேன். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாபா இது, கோழித் தீவனமா?"

"தக்கைப்பூண்டுணா. வெதைக்கிறதுக்கு."

"எங்க?"

இடத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அங்க உப்ப வெதைச்சாதான் முளைக்கும்."

காட்டுப்பள்ளி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. இந்த நான்குக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் திட்டு அது. எங்கள் ஆயாவின் 70 சென்ட் கால்வாய்க்கு இந்தப் பக்கம், மேற்கில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஆயா இருந்தவரை அவற்றைக் "கொக்கு" என்றுதான் சொன்னாள்.

ஆயா செத்து ஆறு வருஷம் ஆகிறது. நிலம் அதற்கு முன்பிருந்தே சும்மா கிடக்கிறது. வெள்ளை பூத்துப்போய், வேனல் காலத்தில் அப்பளம் மாதிரி மேல்தோல் உரிந்து நிற்கும். மாமாவுக்கு வாரத்துக்கு ஒரு புரோக்கர் போன் பண்ணுவான். "சும்மாதானே கிடக்கு" என்பதுதான் அவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம். அந்தச் "சும்மா" என்னை உறுத்தியது. ஒரு நிலம் எப்படிச் சும்மா ஆகிறது என்று தேட ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரை வரைக்கும் வந்திருக்கிறேன்.

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது பார்த்த ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். தை மாசம், சம்பா நெல் அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். கதிர் சாய்ந்து நிற்கிற வயலுக்குள் ஆயா மடியில் பயறைக் கட்டிக்கொண்டு இறங்குவாள். காலால் தாளை விலக்கி விலக்கி நடந்தபடியே பயறை வீசுவாள். நெல் நிற்கும்போதே எதற்கு இன்னொரு விதை என்று எனக்குப் புரியாது. ஒரு வாரம் கழித்து அறுப்பு நடக்கும். அறுக்கிறவர்களின் கால் அந்தப் பயறை ஈரச் சேற்றில் அழுத்திவிடும். நெல் தாளுக்கு நடுவே, மிச்ச ஈரத்திலும் பனியிலும் பயறு முளைத்து வரும். அறுபத்தைந்து எழுபது நாளில் காய் பறிப்பார்கள். ஏர் கிடையாது, தண்ணி கிடையாது, உரம் கிடையாது.

அது சோம்பேறித்தனமான விவசாயம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காரணம் பிற்பாடுதான் விளங்கியது. நெல்லுக்காகச் சேடை ஓட்டும்போது மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே உடைக்கிறோம். மண் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து, அடியில் ஒரு தளம் போல இறுகி, தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து நிறுத்தும். நெல்லுக்கு அது சொர்க்கம். அறுப்புக்குப் பிறகு அதே மண்ணைக் காயவிட்டு உழுதால் பாளம் பாளமாகப் பெயரும், உள்ளே இருந்த ஈரமும் போய்விடும். அதனால் உழாமல் இருப்பதே அங்கே சரியான வேலை. இன்றைக்கு உலகத்தில் இதற்கு 'உழாத வேளாண்மை' என்றும் 'மூடுபயிர்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலத்தை ஒரு நாள்கூட வெறுமையாக விடாதே, முடிந்தவரை கிளறாதே என்பதுதான் இரண்டின் சாரமும்.

ஆனால் நம் மரபு முழுக்க உழாமைக்குச் சார்பாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. வாட்ஸப்பில் அப்படி ஒரு புளகாங்கிதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலம் புழுதி கால் பலமாக ஆகும்வரை உழுது காயப்போட்டால் ஒரு பிடி எருவும் தேவைப்படாது என்கிறது ஒரு குறள். அப்பட்டமான உழவுப் புகழ்ச்சி. ஆனால் அது பொய்யில்லை. 1958-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த பர்ச் என்ற ஆய்வாளர், காய்ந்த மண் மறுபடி நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் வெறிபிடித்தாற்போல் வேலை செய்து, மட்கிலிருந்து தழைச்சத்தை மொத்தமாக விடுவிப்பதைக் காட்டினார். இன்றும் அதற்கு 'பர்ச் விளைவு' என்றுதான் பெயர். கோடை உழவு உழுத வயலில் முதல் மழைக்குப் பிறகு பயிர் கருகருவென்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் என்னவென்றால் அந்தத் தழைச்சத்து வானத்திலிருந்து விழுந்ததல்ல. மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்த சேமிப்பு. உழவு அதை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். திரும்பப் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தீரும். குறளாசிரியருக்கும் இது தெரிந்திருக்கும் போல. அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று சொல்லிவிடுகிறார். நாம்தான் முதல் குறளோடு நின்றுவிடுகிறோம்.

இந்த எடுப்பதும் போடுவதும் பற்றிய சண்டை சென்னையில் ஒரு முறை பெரிதாகவே நடந்திருக்கிறது. 1860-களில் ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன், சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணையைத் தொடங்கிவைத்தார். இன்று மெட்ரோ ரயிலில் சைதாப்பேட்டையைக் கடக்கும்போது அங்கே இரும்பு ஏர்கள் ஓடியதைக் கற்பனை செய்வது கஷ்டம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை 1868-ன் சைதாப்பேட்டைப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. 1906-ல்தான் அது கோயம்புத்தூருக்குப் போனது.

பண்ணையின் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட்சன். அவருக்கும் அவர் காலத்து அதிகாரிகளுக்கும் நம்முடைய நாட்டு ஏரைப் பார்த்தாலே ஆகாது. அது மண்ணை உழவில்லை, கீறுகிறது என்பது அவர்கள் கட்சி. ஆழமாக உழுது மண்ணைப் புரட்டிப்போடும் இரும்புக் கலப்பைகளை இறக்கினார்கள், சோதித்தார்கள், விவசாயிகள் வாங்குவார்கள் என்று காத்திருந்தார்கள். பெரிதாக யாரும் வாங்கவில்லை. குடியானவன் முட்டாள், பழமைவாதி, சோம்பேறி என்றெல்லாம் அப்புறம் எழுதினார்கள். தோற்ற திட்டங்களின் கோப்புகளில் எப்போதும் இந்த மூன்று சொற்கள் இருக்கும், எந்த நூற்றாண்டானாலும்.

1889 கடைசியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் வந்தார். இங்கிலாந்தின் ராயல் வேளாண் கழகத்தின் ஆலோசக வேதியியலர். இந்திய விவசாயத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று பார்த்துச் சொல்ல அனுப்பப்பட்டவர். ஒரு வருஷத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார், சென்னை மாகாணத்துக்கும் வந்தார். 1893-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதை மின்நூலகத்தில் தேடிப் படித்தேன். கொஞ்சம் அதிர்ச்சிதான். இங்குள்ள நல்ல விவசாயி பிரிட்டிஷ் விவசாயிக்குக் குறைந்தவனல்ல, சில விஷயங்களில் மேலானவன் என்று எழுதுகிறார் அந்த மனிதர். ஏர் விஷயத்திலும் நாட்டு ஏரின் பக்கமே சாய்கிறார். இந்த வெயிலில் மண்ணைப் புரட்டிப்போட்டால் ஈரம் போகும், அடிமண் மேலே வரும், இங்குள்ள மாடுகளால் கனத்த கலப்பையை இழுக்கவும் முடியாது. கீறுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்றார்.

அவர் உண்மையான குறை என்று கண்டது வேறு. எரு இல்லை. சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது, ஏனென்றால் விறகு இல்லை. சென்னை மாகாணத்தில் 1882-ல் வனச்சட்டம் வந்த பிறகு காட்டில் விறகும் தழையும் எடுப்பது முன்னைப்போல் எளிதாக இல்லை. ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் தோப்புகள் வளருங்கள், சாணம் தானாக வயலுக்குத் திரும்பும் என்பது வோல்க்கரின் யோசனை. ஏரை மாற்றாதே, அடுப்பை மாற்று என்று அதைச் சுருக்கலாம்.

காலப் பொருத்தம் ஒன்றும் இருக்கிறது. அவர் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால், 1886-ல், ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகள்தான் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன என்று நிரூபித்திருந்தார். அதுவரை பயறுக்குப் பின் போடும் பயிர் ஏன் செழிக்கிறது என்பது ஐரோப்பியருக்கே புதிர்தான். இங்கே கொளுஞ்சியும் அவுரியும் சணப்பும் வயலுக்கு உரமாகப் போய்க்கொண்டிருந்தன. காரணம் தெரியாமல், பலன் தெரிந்து செய்த காரியம் அது.

யார் செய்தது?

இந்த இடத்தில்தான் நம் மண்வரலாறுகள் பெரும்பாலும் திடீரென்று ஊமையாகிவிடும். "நம் முன்னோர்கள்" என்று ஒரு பன்மையைப் போட்டு நகர்ந்துவிடும். வோல்க்கர் ஊர் ஊராகச் சுற்றி முடித்த அதே 1891-ல், பொன்னேரி தாலுகாவையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வயல் இல்லை. குடிசை நிற்கும் இடம்கூடச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் வெளியேற்றிவிடலாம். தரிசைக் கேட்டு தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. கடனுக்காக ஆயுள் முழுக்க ஒரே வீட்டில் உழைப்பு. இதையெல்லாம் அந்தக் குறிப்பு அடுக்குகிறது. 1892-ல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். வேறு சமூகத்தாருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். எவ்வளவு கைமாறியது என்பது தனிக் கதை. அதை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள்.

வோல்க்கர் மெச்சிய அந்தக் கவனமான சாகுபடியைக் கையால் செய்தவர்களில் பெரும்பகுதி ட்ரெமென்ஹீர் குறிப்பில் வருகிற ஜனம்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்ததால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே வயலைப் பற்றிய இரண்டு அறிக்கைகள். தழை வெட்டிச் சுமந்தது, புங்கன், பூவரசு, எருக்கு என்று சேற்றில் போட்டு மிதித்தது, சாணி வாரியது, கிடைபோட்ட வயலில் புழுக்கையைப் பரப்பியது எல்லாம் அவர்கள். மண்ணுக்குள் போட்டவர்கள் ஒருத்தர், எடுத்துக்கொண்டவர்கள் ஒருத்தர்.

எங்கள் 70 சென்ட்டும் டி.சி. நிலம்தான். வாய்க்கால் தண்ணி கடைசியாக வந்து சேரும் மூலை. நல்லதைக் கொடுப்பார்களா என்ன! ஆயா மற்றவர் வயலில் கற்ற வித்தை முழுவதையும் அந்த மூலையில் இறக்கினாள். வீட்டுக் குப்பை, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை எல்லாம் வரப்போரம் ஒரே இடத்தில் கொட்டி மக்கவைப்பாள்.

இனி கொஞ்சம் வெளியே போய்வரலாம், ஏனென்றால் இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட விதம் விசித்திரமானது. அமெரிக்காவின் நடுச் சமவெளியில் புல்தரையை டிராக்டர் போட்டுப் புரட்டி கோதுமை விதைத்தார்கள். 1930-களில் வறட்சி வந்தது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண் எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14-ஐ அவர்கள் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள், பகலில் இருட்டிவிட்டது. அதே மாதக் கடைசியில் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1943-ல் எட்வர்ட் ஃபாக்னர் என்பவர் மண்ணைப் புரட்டும் கலப்பைக்கு எதிராகவே ஒரு புத்தகம் எழுதினார். வோல்க்கர் அரை நூற்றாண்டு முன்பே சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

பிறகு 1962 வாக்கில் அங்கே உழாத வேளாண்மை வணிகரீதியாகத் தொடங்கியது. அதே காலத்தில்தான் பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் சந்தைக்கு வந்தது. இது தற்செயல் இல்லை. உழவின் பாதி வேலை களை எடுப்பது. உழாவிட்டால் களையை யார் கொல்வது? அங்கே மருந்து. நம் நெல் வயலில் அந்த வேலையைத் தேங்கிய தண்ணீரும், குனிந்து களையெடுக்கும் பெண்களின் முதுகும் செய்தன. ஆகவே 'உழாதே' என்ற ஒற்றைக் கட்டளையைத் தூக்கிக்கொண்டு எந்த வயலுக்கும் போக முடியாது. ரோட்டவேட்டரை வருஷத்துக்கு நாலு தடவை ஓட்டி மேல்மண்ணை மாவாக்கி, அரை அடிக்குக் கீழே தகடு போல இறுகிப்போன வயலை ஒரு முறை ஆழமாக உழுதுதான் உடைக்க வேண்டியிருக்கும். நம்மாழ்வார் பல தானிய விதைப்பை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனபோது உழவை ஒழிக்கச் சொல்லவில்லை. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தழைப்பயிர் எல்லாம் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழச் சொன்னார். உழுவதற்கு முன்னால் உள்ளே போட ஏதாவது இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

ஆயாவின் நிலத்தை உழவு கெடுக்கவில்லை. கெடுத்தது உப்பு. 1960-களின் கடைசியில் சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இறைக்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகளும் இறைத்தன, விவசாயிகளும் இறைத்தார்கள், நாங்களும் சேர்த்தி. நிலத்தடியில் நன்னீர் இறங்க, கடல்நீர் அந்த இடத்துக்கு வந்தது. 1987-ல் சென்னைப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் உவர் உள்ளே நகர்ந்தபடி இருந்தது, இன்று கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதே மீஞ்சூரின் பெயரில் இப்போது காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நன்னீர் எடுத்த ஊரிலேயே கடல்நீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். போதாததற்கு, காற்று திரும்பும் நாட்களில் அனல்மின் நிலையச் சாம்பல் இலையெல்லாம் படியும்.

மண் பரிசோதனை அட்டையில் எங்கள் நிலத்தின் ஈ.சி. 5.8 என்று வந்தது. 4-க்கு மேல் போனாலே உவர் நிலம். விரிவாக்க மையத்தில் இருந்த அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு, "தக்கைப்பூண்டு போட்டுப் பாரு தம்பி. உப்பும் தாங்கும், தண்ணி நின்னாலும் தாங்கும்" என்றார். ஏக்கருக்கு 20 கிலோ. எனக்கு 14.

அவர் சொன்ன விளக்கம்தான் என்னை அந்த மூட்டையோடு வண்டியேற வைத்தது. மூடுபயிர் என்றாலே தழைச்சத்து என்றுதான் நினைத்திருந்தேன். உவர் நிலத்தில் அதன் முதல் வேலை நிழல் தருவது. வெறும் மண்ணில் வெயில் பட்டால் ஈரம் ஆவியாகப் போகும், கீழேயிருந்து தண்ணீர் திரி ஏறுவது போல மேலேறி உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகும். நான் பார்த்த அந்த வெள்ளைப் பூ அதுதான். அதாவது சும்மா கிடக்கும் ஒவ்வொரு கோடையும் நிலத்தை இன்னும் கொஞ்சம் உப்பாக்கியது. செடி மூடியிருந்தால் அந்த ஏற்றம் குறையும். வேர் போன வழியில் மழைத் தண்ணீர் இறங்கி, உப்பைக் கீழே கரைத்துக்கொண்டு போகும். வடிகால் இருந்தால், நல்ல மழை பெய்தால். இந்த இரண்டு 'ஆல்'களையும் அவரே அழுத்திச் சொன்னார்.

ஒரு மழைக்கு மறுநாள் விதைத்தோம். பத்தாம் நாள் பார்த்தால் நடுவில் பள்ளமான பகுதியில் ஒன்றுகூட இல்லை. மேட்டுப் பக்கம் அங்கொன்று இங்கொன்று. டீக்கடைக்காரர் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் கிழக்கு வரப்போரம் மட்டும், ஆயா குப்பை கொட்டிய அந்த நீளத்தில், நெருக்கமாக ஏறி வந்தது. நாற்பதாம் நாள் என் இடுப்புக்கு இருந்தது. மாமா ஒன்றைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது. சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது.

மடக்கி உழ டிராக்டர்காரரைக் கேட்டோம். 70 சென்ட்டுக்கு, அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு, அவ்வளவு தூரம் வர மாட்டேன் என்றுவிட்டார். ஆவணியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் சித்தி அரிவாளோடு வந்தாள். அறுத்து, முளைக்காத பள்ளத்துக்கு வாரிக் கொண்டுபோய்ப் பரப்பி, நாலு பேரும் சேற்றில் இறங்கினோம். மாமாவின் போன் வரப்பில் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

நான் தாண்டித் தாண்டி மிதித்ததைப் பார்த்துச் சித்தி கையைப் பிடித்து நிறுத்தினாள். "குதிகால அழுத்துடா. தண்டு உள்ள போவணும். உங்க ஆயா ஒரு வயல மிதிச்சா மறுநா ஒரு இலை மேல தெரியாது."

மறுபடி முதல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன்.